மண்பாண்டம் கற்றுத்தரும் வேலை: சென்னிமலை அம்மாவுக்கு ஒரு பதில்

சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் பாஸ். சித்தப்பா ஒருவர் கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். அதற்காக ஒரு ஏக்கர் காட்டை விற்க அட்வான்ஸ் வாங்கப் போகிறார்களாம். மகளோ செராமிக் என்ற மண்பாண்டக் கலையைப் படித்து, அதைச் சொல்லித்தரும் ஆசிரியை ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையாங்க? சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?" என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த அட்வான்ஸை வாங்காதீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கைக் கண்டாலே ஒதுங்கும் பிள்ளையை அதில் தள்ளுவதற்காக, மூன்று தலைமுறை உழுத காட்டைக் கொடுப்பதுதான் தவறு. நான்கு வருடம் கழித்து அரியர்களோடு அவள் வீட்டுக்கு வந்தால், சீட் பேசிய சித்தப்பா காட்டைத் திருப்பி வாங்கித் தரமாட்டார்.

மகளிடம் போனில் பேசினேன். அவள் செய்த பானைகளைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதெல்லாம் ஒரு சின்னப் பையனைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கூடும் தெருப்பிள்ளைகளில் அவனும் ஒருவன். மண்ணை அழுத்தி அழுத்தி உடைத்துக்கொண்டே இருந்தானாம். இவள் எதுவும் சொல்லாமல் அவன் கைமேல் தன் கையை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று உணர வைத்திருக்கிறாள். பானை செய்யத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. அடுத்தவர் விரலுக்கு அதைக் கொண்டு சேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அது இவளிடம் இருக்கிறது.

சித்தப்பா சொன்ன இன்னொரு பேச்சையும் எழுதியிருக்கிறீர்கள்: "அது நம்ம ஆளுக செய்யற வேலையா?" இதற்கு நான் நயமாகப் பதில் சொல்லப் போவதில்லை. மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்ற தீச்சட்டி எடுக்கச் சட்டி வேண்டும், கல்யாணத்துக்கு அரசாணிப் பானை வேண்டும், ஆனால் அவற்றை வனைந்த கை மட்டும் கீழா? உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியபோது, தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. நம் மண்ணின் பழமைக்குச் சாட்சி சொல்வதே குயவர் கைவேலைதான். மகள் முதலில் ஒரு குயவர் வீட்டுக்குப் போய், அந்தப் பெரியவரை ஐயா என்று அழைத்து, உரிய கூலி கொடுத்துக் கற்றுக்கொள்ளட்டும்.

சரி, வேலைக்கு வருவோம். வகுப்பில் சக்கரம் சுற்றுவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஆசிரியரின் பாடு அதற்கு முன்னும் பின்னும்தான். காற்றுக்குமிழி இல்லாமல் மண்ணைப் பிசைந்து வைக்க வேண்டும். கைப்பிடி ஒட்டும் இடத்தைக் கீறி, சேற்றுக்குழம்பு தடவி, ஈரம் ஒத்திருக்கும்போது ஒட்டவைக்கப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் காயும்போது பிரிந்து வந்துவிடும். நிழலில் மெதுவாகக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் இருக்கும்போதே சூளையில் வேகமாகச் சூடேற்றினால், அது ஆவியாகி அந்தப் பொம்மை வெடிக்கும். பக்கத்தில் அடுக்கியிருக்கும் மற்றப் பிள்ளைகளின் வேலையையும் உடைத்துவிடும். 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் அவசரப்பட்டால் விரிசல்தான். முதல் சூடு ஏறக்குறைய 1000 டிகிரி. கண்ணாடிபோல் பளபளக்கும் மெருகு பூசிய பிறகு, கல்போல் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணுக்கு 1200-க்கும் மேல். ஏழு வயதுப் பிள்ளை செய்த கோணல் யானையை உடையாமல் சுட்டு அதன் கையில் கொடுப்பவருக்குத்தான் இந்தத் தொழிலில் பெயர்.

படிப்பதற்குச் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. 1850-இல் தொடங்கியது. அங்கே நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற கவின்கலைப் பட்டப்படிப்பில் செராமிக் ஒரு பிரிவு. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் குறைவு. உங்கள் காட்டைத் தொட வேண்டியதில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் (என்.ஐ.டி.) செராமிக், கண்ணாடி வடிவமைப்பு உண்டு. ஆனால் நுழைவுத்தேர்வும் கடினம், செலவும் லட்சக்கணக்கில். முதலில் சென்னை. விருத்தாசலம் செராமிக் பாலிடெக்னிக்கையும் யாராவது சொல்வார்கள். அது தொழிற்சாலை வேலைக்கு நல்லது, இவளுக்கு அல்ல. பட்டம் முடித்த பிறகு புதுச்சேரி, ஆரோவில் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் உதவியாளராக இருந்துவிட்டு வரட்டும். 1971-இல் மண்கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரமே ஸ்டூடியோ மண்கலைக்குப் பெயர்பெற்றுவிட்டது.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளிகளில் மண்பாண்ட ஆசிரியர் என்று தனிப் பணியிடம் இல்லை, அதை நம்பி இறங்கக்கூடாது. தனியார் பள்ளிகள், சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள், கோவை, திருப்பூரில் வார இறுதி வகுப்புகள் என்று நான்கைந்து இடத்திலிருந்து சேர்ந்து வரும் வருமானம் இது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் உள்ளூர்த் தொழில் கற்க வேண்டும் என்கிறது. அதில் குயவரையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் அதற்கு ஆள் தேடும்போது, மண்ணும் தெரிந்து பட்டமும் உள்ளவருக்கு மதிப்பு இருக்கும். முதல் இரண்டு வருடம் வருமானம் சொற்பம்தான். அந்த இரண்டு வருடச் சாப்பாட்டை வீடு பார்த்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் யோசியுங்கள்.

பணத்தில் நான் கறார். படிக்கும்போதே சூளை வாங்கித் தராதீர்கள். மின்சக்கரம் சில பத்தாயிரத்தில் கிடைக்கும், அதுவும் மூன்றாம் வருடத்துக்குப் பிறகு. மின்சூளை லட்சத்தைத் தொடும்; அளவு பெரிதானால் த்ரீ பேஸ் இணைப்பும் கேட்கும். நிலையான வகுப்புகள் அமையும்வரை, சூளை வைத்திருப்பவரிடம் கட்டணம் கொடுத்துச் சுட்டுக்கொள்ளட்டும். இன்னொன்று, காய்ந்த மண்தூசியில் சிலிக்கா உண்டு, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். வேலை செய்யும் இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க இப்போதே பழகட்டும். ஈயம் கலந்த மெருகை உண்ணும் பாத்திரத்தில் பூசவே கூடாது.

கவின் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் கைத்திறனைப் பார்ப்பார்கள். அதனால் இன்றிலிருந்தே தினமும் வரையச் சொல்லுங்கள்: கை, குடம், சந்தையில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். செய்த மண்வேலையை எல்லாம் படம் எடுத்து வைக்கட்டும், வெடித்ததையும் சேர்த்து. ஏன் வெடித்தது என்று அதன் கீழே இரண்டு வரி எழுதட்டும். சித்தப்பாவிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அதைப் பிள்ளையின் தலையில் போடாதீர்கள். அவர் கேட்காமல் அவசரப்படுத்தினால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.