மொசார்ட்டின் கே.499 (அவருடைய படைப்புப் பட்டியலில் 499ஆம் எண்) நால்வர் இசைக்கு ‘ஹோஃப்மைஸ்டர்’ என்ற பெயர் ஏன்? யார் அவர்?

அதை 1786இல் வெளியிட்டவர் பெயர் அது. ஃபிரான்ஸ் அன்டன் ஹோஃப்மைஸ்டர் (1754–1812) ஜெர்மனியின் ரோட்டன்பர்க்கில் பிறந்து, 14 வயதில் சட்டம் படிக்க வியன்னா போனவர். இசையமைப்பாளராகி, 1780களின் நடுவில் பதிப்பகமும் தொடங்கினார்.

அன்று அறையிசையை (சிறு குழு வாசிக்கும் இசை) முழு ஸ்கோராக, அதாவது எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் ஒன்றாக அச்சிட்டு, விற்பது அபூர்வம். தகட்டில் செதுக்கி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் படியாக அச்சிடுவார்கள். வாங்குபவர்களில் பலர் வீட்டில் வாசிக்கும் அமெச்சூர்கள் என்பதால், கடினமான படைப்பு தேங்கிவிடும். 1785இல் மொசார்ட்டின் ஜி மைனர் பியானோ குவார்டெட் (பியானோவும் மூன்று தந்தி வாத்தியங்களும் சேர்ந்த நால்வர் இசை, கே.478) அப்படித்தான் சிக்கியது. மூன்று குவார்டெட்டுகளுக்கு ஒப்பந்தம் போட்ட ஹோஃப்மைஸ்டர், வாங்குவோர் கஷ்டமென்று முகம் சுளித்ததும் மொசார்ட்டை விடுவித்துவிட்டார் என்கிறார் மொசார்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நிஸ்ஸென். இரண்டாவதை (கே.493) அர்டாரியா என்ற வேறொரு பதிப்பகம் வெளியிட்டது.

1800இல் ஹோஃப்மைஸ்டர் லைப்சிக்கில் அம்ப்ரோசியஸ் கூனெலோடு சேர்ந்து ‘பியூரோ டி முசிக்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். பீத்தோவனின் முதல் சிம்பொனி 1801இல் அங்கிருந்துதான் வந்தது. அதே நிறுவனம்தான் பின்னாளில் சி.எஃப். பீட்டர்ஸ் என்ற இசைப் பதிப்பகமானது. என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை இதுதான்.

அவருடைய சொந்தப் படைப்புகள் ஏராளம். இன்று அதிகம் ஒலிப்பது டி மேஜர் வயோலா கான்செர்ட்டோ (வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது). ஆர்கெஸ்ட்ராவில் வயோலா கலைஞர்களைச் சேர்க்கும் தேர்வுகளில் கார்ல் ஸ்டாமிட்ஸ் என்ற இசையமைப்பாளரின் வயோலா கான்செர்ட்டோவுக்கு மாற்றாக இதையும் கேட்பார்கள். ஸ்வரக்கோவைகளும் ஆர்பெஜ்ஜியோக்களும் (ஒரு கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிப்பது) நிறைந்தது. சுருதி இம்மி விலகினாலும் ஒளிக்க இடமில்லை. பலர் தொடக்கத்தை வேகமாக எடுத்து, பதினாறாம் சுர ஓட்டங்களில் (ஒரு தாள அடிக்கு நான்கு சுரம் வரும் வேகமான பகுதிகள்) திணறுவார்கள். அந்த ஓட்டங்கள் தெளிவாக வரும் வேகத்தை முதலில் கண்டுபிடித்து, அதிலேயே தொடங்குங்கள்.