பிரீமியர் லீக் டார்ட்ஸ்: 16 இரவுகள், பிறகு ஒரு இறுதி (கேள்வி பதில்)

கேள்வி: பேர் லீக், ஆனால் வாராவாரம் நாக்அவுட் நடக்கிறதே. புள்ளிக் கணக்கு எப்படி?

பதில்: 2022-இல் கொண்டுவந்த முறை இது. எட்டு ஆட்டக்காரர்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை 16 வியாழக்கிழமைகள், வாரம் ஒரு ஊர்: பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ, டப்ளின், பெர்லின், ரோட்டர்டாம் என்று போகும். கால் இறுதி, அரை இறுதி, இறுதி மூன்றும் அன்றைக்கே முடிந்துவிடும். எல்லா ஆட்டமும் முதலில் 6 லெக் எடுப்பவருக்கு (லெக் என்றால் ஒரு சுற்று: 501-இலிருந்து, முறைக்கு மூன்று டார்ட்டாக எறிந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட்டை இரண்டு மடங்கு தரும் வெளி வளையமான டபுளிலோ போர்டின் நடுவிலுள்ள புல்லிலோ அடித்துப் பூஜ்யத்தில் முடிப்பது). அன்றிரவு ஜெயித்தவருக்கு 5 புள்ளி, இறுதியில் தோற்றவருக்கு 3, அரை இறுதியில் தோற்ற இருவருக்கும் தலா 2. கால் இறுதியில் 5-6 என்று மயிரிழையில் தோற்றாலும் பூஜ்யம்தான். இது கொஞ்சம் கொடுமையான கணக்கு என்பது என் கருத்து.

ஒரு இரவுக்கு 12 புள்ளி, 16 இரவுக்கு 192. எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 24. இதை மனதில் வைத்துக்கொண்டு 2025 பட்டியலைப் பாருங்கள்: முதலிடம் பிடித்த லூக் லிட்லருக்கு 45.

கேள்வி: ஒரே ஆள் ஒரே ஆளோடு அடிக்கடி மோதுவது மாதிரித் தெரிகிறதே?

பதில்: முதல் 7 இரவுகளில் கால் இறுதி ஜோடிகள் முன்பே முடிவானவை, எல்லோரும் எல்லோரையும் ஒருமுறை சந்தித்துவிடுவார்கள். 8-வது இரவு பட்டியல்படி: முதலாமவருக்கு எட்டாமவர், இரண்டாமவருக்கு ஏழாமவர். 9 முதல் 15 வரை பழையபடி, 16-வது மறுபடியும் பட்டியல்படி. அரை இறுதியிலும் இறுதியிலும் சந்திப்பதையும் சேர்த்தால் சலிப்புத் தட்டத்தான் செய்யும்.

கேள்வி: 45 புள்ளி எடுத்த லிட்லரை விட்டுவிட்டு 2025 கோப்பை லூக் ஹம்ப்ரீஸுக்குப் போனது எப்படி சார்?

பதில்: 16 இரவுகள் முடிந்ததும் லண்டன் ஓ2 அரங்குக்கு முதல் நான்கு பேர் போகிறார்கள். முதலாமவர் நான்காமவரோடு, இரண்டாமவர் மூன்றாமவரோடு. பட்டியலில் முதலிடம் பிடித்ததற்குக் கிடைப்பது இவ்வளவுதான். புள்ளி எதுவும் கூட வராது. அரை இறுதி முதலில் 10 லெக், இறுதி முதலில் 11. 2025 இறுதியில் லிட்லரை ஹம்ப்ரீஸ் 11-8 என்று வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு இதே இருவர், லிட்லர் 11-7. அந்த இறுதியிலேயே ஒன்பது டார்ட்டில் ஒரு லெக்கையும் முடித்தார்.

இறுதியில் ஸ்கோரை விடக் கவனிக்க வேண்டியது, யார் முதலில் எறிகிறார் என்பது. புல்லுக்கு நெருக்கமாக எறிந்தவர் முதல் லெக்கைத் தொடங்குவார், பிறகு மாறி மாறி. இருவருக்கும் 501-ஐ முடிக்க 15 டார்ட் ஆகிறது என்று வையுங்கள். தொடங்கியவர் ஐந்தாவது முறையில் முடிக்கும்போது எதிராளி 12 டார்ட்தான் எறிந்திருப்பார். ஆகவே தன் லெக்கைக் காப்பது சாதாரணம், அடுத்தவர் லெக்கைப் பறிப்பதுதான் (பிரேக்) விசேஷம். 10-10 ஆனால் 21-வது லெக்கும் முதலில் தொடங்கியவருடையதே. இரண்டாவதாகத் தொடங்கியவர் ஒரு பிரேக்காவது எடுக்காமல் கோப்பையைத் தொட முடியாது.

கேள்வி: மூன்று மடங்கு தரும் டிரிபிள் 20 இருக்கும்போது திடீரென 19-க்கு ஏன் இறங்குகிறார்கள்? 60 பெரிசா, 57 பெரிசா?

பதில்: இரண்டு காரணம். ஒன்று, டிரிபிள் 20 கட்டத்தை முதல் டார்ட் மறைத்துக்கொண்டு நிற்கும். டிரிபிள் வளையத்தின் அகலமே 8 மில்லிமீட்டர், அதில் டார்ட்டின் வால் இறகான ஃப்ளைட்டும் குறுக்கே நின்றால் கஷ்டம்.

இன்னொன்றுதான் சுவாரசியம். மூன்று டார்ட்டில் முடிக்கக்கூடிய உச்சம் 170 (டிரிபிள் 20, டிரிபிள் 20, புல்). ஆனால் அதற்குக் கீழேயும் 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகியவற்றை மூன்றில் முடிக்கவே முடியாது. இப்போது கையில் கடைசி டார்ட், பாக்கி 189 என்று வையுங்கள். 20-க்கு எறிந்து டிரிபிள் தவறி வெறும் 20 விழுந்தால் 169, மாட்டிக்கொண்டீர்கள். 19-க்கு எறிந்து அதே தவறு நடந்தால் 170, முடிக்க வழி இருக்கிறது. டிரிபிளே விழுந்தாலும் 132. மூன்று புள்ளியை விட்டுக்கொடுத்துத் தவறுக்கும் காப்பு வாங்குகிறார்கள்.

கேள்வி: முடிக்கும்போது பாக்கி 32 வைத்துக்கொள்ள ஏன் இவ்வளவு ஆசை? 40 ஆகாதா?

பதில்: இரண்டும் நல்லதே. டபுள் 16 உள்பக்கம் தவறினால் 16, அதாவது டபுள் 8. பிறகு டபுள் 4, டபுள் 2, டபுள் 1 என்று பாக்கி ஒற்றைப்படையே ஆகாமல் இறங்கலாம். டபுள் 20 உள்பக்கம் தவறினால் 20, 10, அதற்கப்புறம் 5. அங்கே ஒரு டார்ட் வீண். பக்கவாட்டில் தவறும்போதும் இதே கதை. 20-க்கு இருபுறமும் 1, 5. இரண்டுமே ஒற்றைப்படை. 16-க்கு ஒரு பக்கம் 7, மறுபக்கம் 8. 8 விழுந்தால் பாக்கி 24, நேராக டபுள் 12. பாக்கியைத் தாண்டி அடித்தாலோ 1 மிச்சம் வைத்தாலோ பஸ்ட், அந்த முறை தொடங்கியபோது இருந்த எண்ணுக்கே திரும்பிவிடுவீர்கள்.

கேள்வி: ஆவரேஜ் 100 என்றால் என்ன?

பதில்: எடுத்த புள்ளியை எறிந்த டார்ட் எண்ணிக்கையால் வகுத்து மூன்றால் பெருக்குங்கள். 15 டார்ட்டில் ஒரு லெக் என்றால் 100.2. இதே லீக்கில் 2016-இல் அபர்தீனில் மைக்கேல் ஸ்மித்துக்கு எதிராக மைக்கேல் வான் கெர்வென் எடுத்தது 123.40. ஆனால் ஆவரேஜை மட்டும் வைத்து யார் நன்றாக ஆடினார் என்று சொல்லாதீர்கள், டபுளில் சொதப்பியவரும் 100-ஐத் தொட்டுத் தோற்பதுண்டு.

கேள்வி: டார்ட் போர்டில் பட்டுக் கீழே விழுந்தால்?

பதில்: பூஜ்யம். திரும்ப எறிய முடியாது.

கேள்வி: பார்த்துப் பார்த்து ஆசை வந்து சைசல் நார் போர்டு வாங்கிவிட்டேன் அண்ணா. சரியாக மாட்டுவது எப்படி?

பதில்: புல்லின் நடுப்புள்ளி தரையிலிருந்து 173 சென்டிமீட்டர். நின்று எறியும் கோடு, போர்டின் முகத்திலிருந்து 237. பெரும்பாலோர் சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள். போர்டின் தடிமன் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர், அந்த அளவு நெருங்கி நின்று பழகிவிடுவார்கள். சரிபார்க்க, புல் நடுவிலிருந்து கோட்டுக்குச் சாய்வாக டேப்பைப் பிடியுங்கள், 293 வர வேண்டும்.

டிரிபிள் 20 சீக்கிரம் நைந்துபோகும். எண் வளையத்தைக் கழற்றிப் போர்டை இரண்டு கட்டம் திருப்பி மாட்டுங்கள். ஒரு கட்டம் திருப்பினால் நிறம் மாறிவிடும். 20 எப்போதும் கறுப்புக் கட்டத்தில்தான் இருக்க வேண்டும். ஈரத் துணியால் துடைக்கவே கூடாது, நார் ஊதிப் புடைத்துக்கொள்ளும். டார்ட்டை இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

பதில்: பிரிட்டன் நேரப்படி இரவு 7 மணி வாக்கில் ஆரம்பம். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும்வரை நமக்கு நள்ளிரவு 12.30, அதற்குப் பிறகு 11.30. மே மாத இறுதி இரவுக்கு 11.30 கணக்குத்தான்.