வண்ணம் பூசிய சுவரும் வாடகையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டிடக்கலை இறுதியாண்டு மாணவி நான். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வெளிச்சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைய ஒரு கலைக்குழு எங்களில் சிலரை அழைத்திருக்கிறது. போய்ப் பார்த்தேன். கூரை ஒழுகுகிறது, படிக்கட்டில் விளக்கில்லை. ஓவியம் வந்தால் இடத்துக்கு மவுசு கூடி, வாடகை ஏறி, இப்போது இருப்பவர்கள் கிளம்ப வேண்டிவரும் என்று பயமாக இருக்கிறது. ஏழைகளைப் பற்றிப் பேசும் கலை எல்லாமே இப்படித்தானா? ஒரு குழாயைக்கூடச் சரிசெய்யாத கலையால் யாருக்கு என்ன பயன்? நான் போகவா, வேண்டாமா?

ப.

அன்புள்ள ப.,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஓவியம் மட்டுமே வாடகையை ஏற்றிவிடாது. நிலம் யார் கையில் இருக்கிறது, அதை விற்கும் உரிமை யாருக்கு என்பதைப் பொறுத்தது அது. வேலை முடிந்த பிறகு அதே மனிதர்கள் அங்கேயே வாழ்கிறார்களா என்றுதான் இத்தகைய முயற்சிகளில் நான் முதலில் பார்ப்பேன்.

இங்கிலாந்தில் லிவர்பூலின் கிரான்பி பகுதியில் 1981 கலவரத்துக்குப் பின் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி, பலகை அடித்து மூடப்பட்டு, இடிப்புக்குக் காத்திருந்தன. மிஞ்சிய சில குடும்பங்கள் தெருவைத் தாங்களே சுத்தம் செய்தன, செடி வைத்தன, மூடிய ஜன்னல்களில் படம் வரைந்தன. 2011இல் கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட், அதாவது நிலத்தையும் வீடுகளையும் ஊராருக்காகப் பொதுவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு, ஒன்றைத் தொடங்கி, பிறகு கெய்ர்ன்ஸ் தெருவில் 10 வீடுகளைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களோடு வேலைசெய்த அசெம்பிள் என்ற இளம் வடிவமைப்புக் குழுவுக்கு 2015இல் பிரிட்டனின் புகழ்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு கிடைத்தது. உலகம் பரிசைப் பற்றிப் பேசியது. எனக்கு அந்த டிரஸ்ட்தான் பெரிதாகத் தெரிகிறது. தெரு அழகானதும் வந்து வளைத்துப்போட நினைப்பவர்களுக்கு அதுதான் தடை.

நீங்கள் கட்டிடக்கலை படிப்பதால் ஆன் லக்காத்தோன், ழான்-ஃபிலிப் வஸால் என்ற இரு கட்டிடக்கலைஞர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1996இல் பிரான்சின் போர்தோ நகரில் ஒரு சின்னச் சதுக்கத்தை அழகுபடுத்தும் வேலை அவர்களிடம் வந்தது. மரங்கள், பெஞ்சுகள், சுற்றிலும் எளிய வீடுகள். அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள், அக்கம்பக்கத்தாரிடம் பேசினார்கள். இது ஏற்கெனவே அழகாகத்தான் இருக்கிறது என்று முடிவுசெய்தார்கள். சரளையைப் புதிதாகப் போடுங்கள், மரங்களைக் கவனியுங்கள், இன்னும் அடிக்கடி பெருக்குங்கள். அவர்கள் கொடுத்த திட்டம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வடிவமைப்பாளர் ஒருவர் தன் கையெழுத்தை ஓரிடத்தில் பதிக்காமல் திரும்பி வருவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அதே ஊரின் கிரான் பார்க் குடியிருப்பில் 1960களின் மூன்று நீண்ட கட்டிடங்கள், 530 வீடுகள். ஃப்ரெடெரிக் த்ருவோ, கிறிஸ்டோஃப் ஹூத்தான் ஆகியோரோடு சேர்ந்து, அவற்றை இடிக்காமல் முன்பக்கம் புதிய அடுக்கு ஒன்றை நிறுத்தினார்கள். சிறிய ஜன்னல்கள் இருந்த இடத்தில் பெரிய கண்ணாடிக் கதவுகள். அவற்றுக்கு வெளியே, வேண்டும்போது மூடித் திறக்கும் தடுப்புகள் கொண்ட, சுமார் 3.8 மீட்டர் ஆழமுள்ள வெயில் அறை. வேலை பெரும்பாலும் வெளியே நடந்ததால் மக்கள் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இதற்கு 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டிடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது. 2021இல் லக்காத்தோன், வஸால் இருவருக்கும் கட்டிடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர். ஏழைகளின் வீட்டுக்கு இடத்தையும் வெளிச்சத்தையும் தாராளமாகக் கொடுத்ததைத்தான் நான் அழகு என்பேன்.

குழாய் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரிக் லோ என்ற ஓவியரிடம் ஒரு பள்ளி மாணவர் கிட்டத்தட்ட இதையே கேட்டார்: எங்கள் பிரச்சினை எங்களுக்கே தெரியும், தீர்வு ஒன்றை உங்களால் உருவாக்க முடியாதா? 1993இல் லோவும் நண்பர்களும் பாழடைந்த 22 சிறு வீடுகளைச் சீர்செய்து கலைக்கூடங்களாக்கத் தொடங்கியதற்குப் பின்னால் அந்தக் கேள்வி இருந்தது. இளம் தாய்மார்கள் குழந்தைகளோடு தங்கிப் படிக்கவும் அங்கே வீடுகள் ஒதுக்கப்பட்டன.

ஆனாலும் குழாயைச் சரிசெய்யாத கலை வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1971இல் ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர், நியூயார்க்கில் ஒரு ரியல் எஸ்டேட் கூட்டத்தின் கையில் இருந்த கட்டிடங்களைப் படமெடுத்தார். பெரும்பாலும் ஏழைகள் வாடகைக்கு இருந்தவை. 142 படங்களோடு உரிமையாளர் பெயர், அடமானம், சொத்து மதிப்பு ஆகியவற்றையும் எழுதிவைத்தார். எல்லாமே யாரும் போய்ப் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேடுகளில் இருந்தவை. ஒரே ஆட்கள் பல கம்பெனிப் பெயர்களில் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கியது வெளியே தெரிந்தது. அவற்றைக் காட்டவிருந்த நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் ஹாக்கேயின் கண்காட்சியையே ரத்துசெய்தது. அதற்குப் பொறுப்பாக இருந்த காப்பாட்சியர் எட்வர்ட் ஃப்ரை வேலையை இழந்தார். குழாய் ஏன் வருடக்கணக்கில் சரிசெய்யப்படாமல் கிடக்கிறது என்பதைக் காட்டும் கலையும் நமக்கு வேண்டும்.

ஆகவே போங்கள். தூரிகையை எடுக்கும் முன், அந்தக் கட்டிடம் யார் பெயரில் இருக்கிறது, கைமாறும் பேச்சு ஏதும் உண்டா என்று பதிவேட்டில் பாருங்கள். குடியிருப்பவர்கள் வேண்டாம் என்றால் ஓவியத்தைக் கைவிடுவீர்களா என்று குழுவிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள். அப்போதும் அந்தக் குடியிருப்பை விட்டுவிடாதீர்கள். அளவெடுத்து வரைய உங்களுக்குத் தெரியும். ஒழுகும் இடங்களையும் விளக்கில்லாத படிகளையும் தளவாரியாக வரைந்து அங்கிருப்பவர்களிடம் கொடுங்கள். அவர்கள் மனுவோடு இணைக்க அது உதவும்.