அட்டவணை மாறட்டும், துடுப்பு மாறாது: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

விலங்கியல் இரண்டாமாண்டு படிக்கிறேன். மீனியல் பிடித்த பாடம்தான், ஆனால் வகைப்பாடு என்றாலே தலை சுற்றுகிறது. பாடநூலில் ஒரு அட்டவணை, நூலகப் புத்தகத்தில் இன்னொன்று, இணையத்தில் மூன்றாவது. ஒன்றில் இருக்கும் வரிசை இன்னொன்றில் இல்லவே இல்லை. போதாததற்கு 'மீன் என்று ஒரு பிரிவே கிடையாது' என்றும் படித்தேன். மாறிக்கொண்டே இருப்பதை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? உடற்கூறை மட்டும் ஒழுங்காகப் படித்தால் போதாதா? தேர்வில் எந்த அட்டவணையை எழுதுவது?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் எரிச்சல் நியாயமானதுதான். கையில் இருக்கும் மீன் எது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அது எந்த மீனுக்கு உறவு என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. பாடநூல்கள் இரண்டையும் ஒரே அட்டவணையில் திணித்துவிடுகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கெண்டையையும் கெளுத்தியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டைக்கு உடம்பெல்லாம் செதில், தாடையில் பல் கிடையாது, பல்லெல்லாம் தொண்டைக்குள். கெளுத்திக்குச் செதிலே இல்லை, வாயைச் சுற்றி மீசை. பார்த்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தலைக்குப் பின்னால், முதுகெலும்பு தொடங்கும் இடத்தைக் கவனமாகத் திறந்து பாருங்கள். முதல் சில முள்ளெலும்புகளிலிருந்து உருவான குட்டி எலும்புகள் சங்கிலிபோல் கோத்து நிற்கும். ஒரு முனை காற்றுப்பையைத் தொடும், மறுமுனை உட்செவிப் பக்கம் போகும். தண்ணீரில் வரும் ஒலிக்குக் காற்றுப்பை அதிர, அந்த அதிர்வை இவை காதுக்குக் கடத்துகின்றன. இரண்டு மீனிலும் இதே அமைப்புதான். பிரானாவிலும் உண்டு, மின்விலாங்கிலும் உண்டு. (மின்விலாங்கு விலாங்கே அல்ல, கெளுத்திக்குச் சொந்தம்.) 1820இல் வேபர் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் இந்த எலும்புகளை விவரித்தார். பாலூட்டிகளின் காது எலும்புகளும் இவையும் ஒன்றே என்று அவர் நினைத்தது பிசகு. எலும்புகளைப் பற்றி அவர் எழுதிவைத்தது இன்றும் பயன்படுகிறது.

இப்போது எதிர்ப்பக்கம். விலாங்கும், லாம்ப்ரே என்ற பாம்புபோன்ற மீனும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிதான். கிட்டே போனால் லாம்ப்ரேக்குத் தாடை இல்லை, இணைத்துடுப்பு (இருபக்கமும் ஜோடியாக இருக்கும் துடுப்பு) எதுவுமே இல்லை, தலையின் உச்சியில் ஒற்றை நாசித்துளை, பக்கத்துக்கு ஏழு செவுள் துளைகள். விலாங்குக்குத் தாடையும் உண்டு, மார்புத் துடுப்பும் உண்டு. நீள உடம்பு என்பது வளைக்குள்ளும் இடுக்கிலும் நுழைய வசதியான வடிவம், அவ்வளவுதான். உறவைச் சொல்லும் உறுப்பு எது, பிழைப்பைச் சொல்லும் உறுப்பு எது என்று பிரிக்கத் தெரிவதுதான் மீனியலில் பாதி. ஆக, உடற்கூறு மட்டும் போதாதா என்ற கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது. வகைப்பாட்டை மனதில் வைக்காமல் அறுத்தால் எந்த எலும்பைத் தேடுவது என்றே தெரியாது.

அட்டவணைகள் மாறுவதற்குக் காரணமும் இதுதான். ஆர்ட்டெடி என்ற ஸ்வீடன்காரர் முள்துடுப்பு, மென்துடுப்பு என்றெல்லாம் மீன்களைப் பிரித்தார். 1735இல், முப்பது வயதில், ஆம்ஸ்டர்டாமில் கால்வாயில் விழுந்து இறந்துபோனார். நண்பரும் வகைப்பாட்டியலாளருமான லின்னேயஸ்தான் 1738இல் அவருடைய எழுத்தை வெளியிட்டார். அதில் திமிங்கிலமும் மீன்தான். 1758இல் லின்னேயஸே அதைப் பாலூட்டிகளோடு சேர்த்தார். ஆனால் முள்துடுப்பையும் மென்துடுப்பையும் பார்த்து மீனை இனம்காண்பது இன்றும் நடக்கிறது. இப்போது மரபணு ஆய்வு வந்து நாக்குமீன், பாறை மீன், வாள்மீன் மூன்றையும் ஒரே கூட்டத்தில் வைக்கிறது. வெளித்தோற்றத்தை வைத்து யாரும் அப்படிச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

'மீன் என்று பிரிவே இல்லை' என்பதும் உறவுக் கணக்குதான். நுரையீரல் மீனுக்குக் கெண்டையைவிட நீங்களும் நானும் நெருங்கிய சொந்தம். சுறாவிலிருந்து பார்த்தால் கெண்டையும் நாமும் ஒரே தூரத்தில் இருக்கிறோம். ஒரே மூதாதையின் வாரிசுகள் எல்லோரையும் சேர்த்தால்தான் அது பிரிவு என்றால், நம்மையும் மீனில் சேர்க்க வேண்டிவரும். அதற்காக மீனியல் துறையை யாரும் மூடிவிடவில்லை.

அறியப்பட்ட மீன் இனங்கள் ஏறக்குறைய 35,000. முதுகெலும்புள்ள விலங்குகளில் பாதிக்கு மேல். மனப்பாடத்துக்கு அடங்கவே அடங்காது. பதிலாக ஒரு மீனைத் தலை இடப்பக்கம் இருக்கும்படி வைத்து வரையுங்கள், மீனியலில் வழக்கம் அதுதான். முதலில் இடுப்புத் துடுப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கெண்டையில் அது வயிற்றின் நடுவில், கொடுவாயில் முன்னேறி மார்புத் துடுப்புக்குக் கீழே வந்திருக்கும். அப்புறம் முதுகுத் துடுப்பை விரித்துப் பிடித்து எண்ணுங்கள். முள் கணுவில்லாமல் ஒற்றையாக இருக்கும், மென்கதிர் கணுக்கணுவாக இருக்கும், பெரும்பாலும் நுனியில் கிளைத்திருக்கும். முள்ளை ரோமன் எண்ணிலும் கதிரைச் சாதாரண எண்ணிலும் குறியுங்கள். அடுத்து செவுள் மூடியை வெட்டி எடுத்துவிட்டு, செவுள் வளைவுகளின் உட்பக்கம் பாருங்கள். பல்வரிசைபோல நீட்டிக்கொண்டிருப்பவை நீளமாக, நெருக்கமாக இருந்தால் அது தண்ணீரில் மிதக்கும் சிற்றுயிர்களை வடிகட்டித் தின்னும் மீனாக இருக்கக்கூடும். குட்டையாக, தள்ளித் தள்ளி இருந்தால் பெரும்பாலும் வேட்டை மீன். இந்த உறுப்பு பிழைப்பைச் சொல்வது, உறவுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, தேர்வு. உங்கள் பாடத்திட்டம் யாருடைய அமைப்பைப் பின்பற்றுகிறதோ அதையே எழுதுங்கள், ஆனால் 'பெர்க், 1940' என்பதுபோல ஆளையும் ஆண்டையும் அட்டவணைக்கு மேலே குறிப்பிட்டுவிடுங்கள். அது பழசு என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குப் புரியும்.