புள்ளிவிபரம் சொல்லும் வருமானம் திருகோணமலையில் ஏன் காணக் கிடைப்பதில்லை?

"இலங்கையில் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய் என்று வாசித்தேன். திருகோணமலையில் விசாரித்தால் கடையில் நிற்கும் பிள்ளை அதில் பாதிகூட இல்லை என்கிறார், மேசன் ஒருவர் அதைவிடக் கூட உழைப்பதாகச் சொல்கிறார். எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தத் தொகை எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். அது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு வருமான செலவின ஆய்வில் வந்தது. தனியாளின் சம்பளம் அன்று; சராசரியாக 3.7 பேர் வாழும் ஒரு வீட்டுக்கு எல்லா வழியாலும் வந்து சேர்ந்த மாத வருமானம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசும், ஓய்வூதியமும், சொந்த வளவில் பறித்த தேங்காயின் பெறுமதியும்கூட அதற்குள் அடங்கும். அதே ஆய்வில் இடைநிலை வருமானம் 53,333 ரூபாய், அதாவது நாட்டின் பாதி வீடுகள் அந்தத் தொகைக்குக் கீழேதான் இருந்தன. மேலே உள்ள 20 சதவீத வீடுகளுக்கு மொத்த வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகப் போனதால் சராசரி மேலே இழுபட்டது. அதற்குப் பிறகு 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. 2019இன் ரூபாயை இன்றைய நாட்கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

ஆனால் இவற்றைவிட முக்கியமான காரணம் பருவகாலம் என்றே நான் நினைக்கிறேன். அந்த ஆய்வு பன்னிரண்டு மாதமும் நடத்தப்படுகிறது. நாடு முழுவதற்கும் அதுவே சரியான முறை. இருந்தும், தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கரையிலுள்ள நீர்கொழும்புக் கடல் கொந்தளிக்கும்போது இங்கே கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். மேற்குக் கரைக் கடற்றொழிலாளர்கள் சிலர் இங்கு வந்து வாடி எனும் தற்காலிகக் குடிசை அமைத்துத் தொழில் செய்வார்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கும் அதுதான் உழைக்கும் காலம். வடகீழ்ப் பருவத்தில் எல்லாம் தலைகீழாகிவிடும். ஒரு கரையின் பஞ்சத்தை மறு கரையின் வரவு ஈடுசெய்துவிடுவதால், தேசியக் கணக்கில் மேடும் பள்ளமும் தெரியாது. அந்தப் பள்ளத்தில் மூன்று மாதம் சீவிப்பவருக்கு நன்றாகத் தெரியும்.

என் தம்பி மேசன். சமையலறைச் சுவரில் தொங்கும் கலண்டரில் வேலைக்குப் போன நாளுக்கு நீலப் பேனாவால் வட்டம் போடுவான். கடந்த ஆண்டு யூலையில் 24 வட்டங்கள் இருந்தன, டிசம்பரில் 9 மட்டுமே. நாட்கூலி இரண்டு மாதமும் ஒன்றுதான், 3,500 ரூபாய். யூலையில் 84,000, டிசம்பரில் 31,500. "என்ன உழைப்பு?" என்று கேட்டால் அவன் நாட்கூலியைச் சொல்வான், கேட்டவர் அதை 25ஆல் பெருக்கிக்கொண்டு போவார். உங்களுக்குப் பதில் சொன்ன மேசனும் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

கடற்றொழிலில் கூலி என்ற ஒன்றே பல இடங்களில் இல்லை. நான் அறிந்த படகொன்றில், விற்ற காசிலிருந்து எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில் பாதியைப் படகின் சொந்தக்காரரான சம்மாட்டி எடுப்பார். மறு பாதியைத் தொழிலுக்குப் போனவர்கள் பங்கு பிரிப்பார்கள். எண்ணெய்க் காசுக்கும் மீன் படாத நாளில் பங்கும் இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் கட்டும் முறை இவர்களைத் தொடுவதேயில்லை. ஆகவே நிறுவனங்களின் சம்பளப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கும் எந்த எண்ணிலும் இவர்கள் இருக்க மாட்டார்கள்.

மாவட்டச் சராசரியை எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அது ஓரளவு உதவும். ஆயினும் சீனன்குடாத் தொழிற்சாலை ஊழியரும், அரச உத்தியோகத்தரும், மூதூர் வயலில் அரிவி வெட்டுக்குப் போகும் பெண்ணும் அந்த ஒரே எண்ணுக்குள் நிற்கிறார்கள். மாவட்ட அளவில் மாதிரி வீடுகள் குறைவென்பதால் பிழை எல்லையும் அகலமாக இருக்கும்.

நீங்கள் மறுபடி விசாரிப்பதானால், நாட்கூலியோடு நிறுத்தாமல் கடந்த மார்கழியில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்றும் கேளுங்கள். முடிந்தால் வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். என் தம்பியின் மனைவி கார்த்திகையில் காப்பை அடைவு வைத்து, சித்திரை கழிந்துதான் மீட்கிறாள். அந்த வட்டி ஆய்வின் வருமானப் பக்கத்தில் கழிபடுவதில்லை.