மலேரியா ஒட்டுண்ணி எங்கே சாகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலேரியா பற்றிய உங்கள் கட்டுரையில் ‘சிவப்பணு அந்த ஒட்டுண்ணிக்குக் கிடைத்த பாதுகாப்பான வீடு’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை விடவில்லை. சென்ற ஆண்டு என் தம்பிக்குக் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியா வந்தது. ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தான். இரண்டு வாரம் கழித்து ஆள் வெளுத்துப்போனான். படி ஏறினால் மூச்சு வாங்கியது, சிறுநீர் கறுத்தது, ஹீமோகுளோபின் மளமளவென்று இறங்கியது. மலேரியா திரும்பவில்லை என்றார் மருத்துவர். சில வாரங்களில் தேறிவிட்டான், இப்போது நலம். ஆனால் எனக்குப் புரியவில்லை. பாதுகாப்பான வீட்டுக்குள் இருந்தது எப்படிச் செத்தது? செத்த பிறகு ரத்தம் ஏன் குறைய வேண்டும்? அந்த வீடு என்ன ஆயிற்று?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தம்பி தேறிவிட்டார் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதில் பாதிதான் உண்மை. வெளியே தேடுகிறவர்கள் கண்ணுக்குச் சிவப்பணு நல்ல மறைவிடம். உள்ளே இருக்கும் உயிருக்கோ அது ஒவ்வொரு மணி நேரமும் சாவோடு மல்லுக்கட்டும் இடம்.

நம் உடலின் பெரும்பாலான செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களின் துணுக்குகளை வெளிப்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே அந்நியன் நுழைந்தால் நோய் எதிர்ப்புப் படையான டி-செல்கள் அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, அந்தக் காட்சிப்பலகையும் இல்லை. அதனால்தான் ஒட்டுண்ணி அங்கே போகிறது. ஆனால் உட்கரு இல்லாத செல் என்றால் உள்ளே பிடுங்கிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. புரதம் செய்யும் பட்டறை கிடையாது, ஹீமோகுளோபின் நிறைந்த ஒரு பை, அவ்வளவுதான். சத்துகள் உள்ளே வரவும் கழிவு வெளியே போகவும் ஒட்டுண்ணியே தன் புரதங்களை அனுப்பி அந்தச் செல்லின் சுவரில் வழிகள் திறக்க வேண்டியிருக்கிறது. நான் வியந்து போன செய்தி ஒன்று: வளர்ந்த மனிதரின் ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லை. எத்தனை ஹீமோகுளோபினைத் தின்றாலும் அந்த ஒன்றை மட்டும் வெளியே பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.

தின்பது கொஞ்சநஞ்சமல்ல. ஃபால்சிபாரம் என்ற அந்த மலேரியா ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 48 மணி நேரம் வாழ்கிறது. அதற்குள் அந்தச் செல்லின் ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் செரித்துவிடுகிறது. செரிப்பதற்கென்று அமிலம் நிறைந்த ஒரு பை வைத்திருக்கிறது. ஆபத்து பிறப்பது அந்தப் பையில்தான். ஹீமோகுளோபின் என்பது குளோபின் என்ற புரதமும் அதன் மடிப்புக்குள் அமர்ந்திருக்கும் ஹீம் என்ற இரும்பு மூலக்கூறும் சேர்ந்தது. ஒட்டுண்ணிக்கு வேண்டியது புரதம். அதை வெட்டி எடுத்ததும் ஹீம் தனியே அவிழ்ந்து விழுகிறது. தனித்த ஹீம் கொடியது. சவ்வுகளைச் சிதைக்கும், சுற்றியிருப்பதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும். நம் உடலில் ஹீமை உடைத்துப் பித்த நிறமியாக்கி வெளியேற்ற ஒரு நொதி உண்டு. ஒட்டுண்ணிக்கு அந்த வழி இல்லை. அது தின்னும் ஒவ்வொரு கவளத்திலும் நஞ்சு இருக்கிறது, அதைத் துப்பவும் வழியில்லை.

அது கண்டுகொண்ட வழி, ஹீமை ஒன்றோடொன்று கோத்துப் படிகமாக்குவது. கரையாத, கரும்பழுப்பான அந்தப் படிகத்தின் பெயர் ஹீமோசோயின். படிகமாகிவிட்டால் நஞ்சு அடங்கிவிடும். மலேரியாவின் வரலாறே இந்தக் கறுப்புத் துகளைப் பின்தொடர்ந்து போனதுதான். 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைனில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லாவெரான் நோயாளிகளின் ரத்தத்தில் இந்த நிறமியைத்தான் துருவிக்கொண்டிருந்தார், அப்போதுதான் நிறமிக்குச் சொந்தமான உயிர் கண்ணில் பட்டது. 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஆங்கிலேய மருத்துவர் ரொனால்ட் ராஸ் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் உருண்டையான சில செல்களைக் கண்டார். அவை மலேரியாவுடையவை என்று அவரை நினைக்க வைத்ததும் அவற்றுக்குள் இருந்த இதே கறுப்புத் துகள்தான்.

குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மருந்து வேலை செய்வதும் இந்த இடத்தில்தான். மருந்து அந்த அமிலப் பைக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறது, படிகம் வளர விடாமல் தடுக்கிறது. ஹீம் சேர்கிறது, ஒட்டுண்ணி தன் சாப்பாட்டாலேயே சாகிறது. மருந்து செய்வது ஒரு கழிவு வாய்க்காலை அடைப்பது மட்டும். குளோரோகுயின் அத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஹீம் ஒட்டுண்ணியின் மரபணுவிலிருந்து வருவதல்ல, நம் ஹீமோகுளோபினிலிருந்து வருவது. அதை மாற்றிக்கொள்ள ஒட்டுண்ணியால் ஆகாது. கடைசியில் அது வேறு வழி பிடித்தது. பையின் சவ்விலுள்ள ஒரு கடத்திப் புரதத்தைத் திருத்தி, மருந்தை வெளியே தள்ளக் கற்றுக்கொண்டது. 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லைப் பகுதியிலும் கொலம்பியாவிலும் தொடங்கிய எதிர்ப்பு பிறகு கண்டம் கண்டமாகப் பரவியது.

உங்கள் தம்பிக்குப் போட்ட ஆர்ட்டிசுனேட், 1970களில் சீன விஞ்ஞானி து யூயூவின் குழு ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினினின் வழிவந்தது. அதன் மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஒரு பாலம் இருக்கிறது. ஹீமிலுள்ள இரும்பு பட்டதும் அந்தப் பாலம் உடைகிறது. உடைந்த துண்டு கையில் அகப்பட்ட புரதங்களையெல்லாம் தாக்குகிறது. ஹீமோகுளோபினைச் செரிக்கும் உயிருக்குள்தான் இந்த வெடி வெடிக்கும், தொற்றில்லாத பக்கத்துச் செல்லில் வெடிக்காது. கம்போடியாவில் தலைகாட்டிய ஆர்ட்டிமிசினின் எதிர்ப்பின் சூத்திரம் என்ன தெரியுமா? இளம் பருவத்தில் ஹீமோகுளோபினைக் குறைவாக உண்பது. கெல்ச் 13 என்ற புரதத்தில் மாற்றம் வந்த ஒட்டுண்ணிகள் மருந்து இருக்கும் சில மணி நேரத்தைக் கிட்டத்தட்டப் பட்டினியில் கழித்து உயிர் பிழைக்கின்றன. இதைப் படித்த நாளில் எனக்கு அச்சமாக இருந்தது. 2023இல் மட்டும் உலகில் சுமார் 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆப்பிரிக்காவிலும் இந்த மாற்றம் தென்படத் தொடங்கிவிட்டது.

மருந்து இல்லாமலும் அது செல்லுக்குள்ளேயே சாவதுண்டு. அரிவாள் செல் நோய்க்கான மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து காப்பு உண்டு என்று 1954இல் ஆலிசன் என்ற ஆய்வாளர் காட்டினார். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அவர்களுடைய ஹீமோகுளோபின் கெட்டிப்பட்டுவிடுகிறது, உள்ளே இருப்பதன் வளர்ச்சி அப்படியே நின்றுபோகிறது. தான்சானியக் குழந்தைகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு இன்னும் விந்தையானது. தொற்றிய சிவப்பணுவின் வெளிச்சுவரில் ஒட்டுண்ணி வைத்த பிஎஃப்கார்ப் என்ற புரதத்தின் மேல் ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதம் வந்து ஒட்டியதும், உள்ளே இருப்பது தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. யாரும் கதவை உடைக்கவில்லை.

இனி உங்கள் தம்பியின் கதைக்கு வருகிறேன். அதற்கு மண்ணீரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சிவப்பணுவின் குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். மண்ணீரலில் அது நுழைந்து வர வேண்டிய இடுக்குகள் ஒரு மைக்ரான் அளவுதான். நல்ல சிவப்பணு குழைவானது, நசுங்கி நீண்டு மறுபக்கம் போய்விடும். ஒட்டுண்ணி வளர வளரச் செல் விறைக்கிறது, விறைத்தது மண்ணீரலில் மாட்டும். இதற்குத் தப்பத்தான் ஃபால்சிபாரம் செல்லின் மேல் சிறு முண்டுகளை எழுப்பி, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரல் பக்கம் போகாமலே இருந்துவிடுகிறது. மூளையின் குழாய்களில் அப்படி ஒட்டும்போதுதான் மூளை மலேரியா.

ஆர்ட்டிசுனேட் மற்ற பல மருந்துகளைப் போலன்றி, மோதிர வடிவிலுள்ள இளம் ஒட்டுண்ணிகளையும் விரைந்து கொல்கிறது. அந்தப் பருவத்தில் செல் இன்னும் குழைவாகத்தான் இருக்கும், ரத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். செத்த ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டு அது மண்ணீரல் இடுக்கில் நுழைகிறது. செல் நசுங்கி மறுபக்கம் போகிறது, உள்ளே கிடந்த பிணம் மட்டும் நசுங்காமல் இடுக்கிலேயே பிதுங்கி நின்றுவிடுகிறது. புளியம்பழத்தை நசுக்கினால் கொட்டை பிதுங்கி வருவது போல. செல்லின் சுவர் மூடிக்கொள்கிறது, செல் மீண்டும் ரத்தத்தில் ஓடுகிறது. மூன்றாம் நாள் பரிசோதனையில் ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லாமல் போனதற்கு இது பெரிய காரணம். செத்தவற்றை மண்ணீரல் அகற்றிவிட்டது, வீடுகளை இடிக்கவில்லை.

ஆனால் அவை பழைய செல்கள் அல்ல. ஒட்டுண்ணி நுழைந்தபோது செல்லின் உட்சுவரில் பதித்த ரெசா என்ற புரதம் அப்படியே இருக்கிறது. ஒட்டுண்ணி இல்லாமல் ரெசா மட்டும் இருக்கும் சிவப்பணுவைக் கண்டால், இதற்குள் ஒரு காலத்தில் மலேரியா இருந்தது என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுவார்கள். பிதுக்கும்போது கொஞ்சம் சவ்வையும் இழந்த இந்தச் செல்களின் ஆயுள் குறைவு. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கூட்டமாக உடைகின்றன. தம்பியின் ரத்தத்தில் முதலில் ஒட்டுண்ணி மிகுதியாக இருந்திருக்கும். அத்தனை வீடுகளும் சிகிச்சையின்போது காப்பாற்றப்பட்டு, இரண்டு வாரம் கழித்துச் சேர்ந்து சரிந்தன. உடைந்த செல்களிலிருந்து கொட்டிய ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியே வடிந்ததுதான் நீங்கள் பார்த்த கறுப்பு.

இதைப் படித்துவிட்டு ஆர்ட்டிசுனேட்டைக் கண்டு யாரும் பயப்படக் கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு. பழைய மலேரியா மருந்தான குயினைனோடு ஒப்பிட்டு 2010இல் வெளியான பெரிய ஆப்பிரிக்கச் சோதனையில், கடும் மலேரியா கண்ட குழந்தைகளின் சாவை அது 22.5 சதவீதம் குறைத்தது. இந்த ஊசி போட்டுத் தேறியவருக்கு நான்கு வாரம் வரை அவ்வப்போது ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும், அதுதான் செய்ய வேண்டியது. வெளுப்பு, மூச்சிரைப்பு, கறுத்த சிறுநீர் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிலருக்கு ரத்தம் ஏற்றும் அளவுக்குக்கூட இறங்கும்.

அந்த வீடு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் நேராத சிவப்பணுவே சுமார் 120 நாள்தான் உயிரோடிருக்கும். தம்பிக்கு நோய் வந்து ஓராண்டு ஆகிவிட்டது. இன்று அவர் உடம்பில் ஓடும் சிவப்பணுக்கள் எல்லாம் அதற்குப் பிறகு எலும்பு மஜ்ஜையில் பிறந்தவை.