ஒரு நகரத்தின் டிஜிட்டல், படைப்புத்துறை ஆட்களை ஒன்றுசேர்ப்பது எப்படி?

நிரல் எழுதுபவர்கள், வடிவமைப்பாளர்கள், வீடியோ எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருந்தும் ஒருவரையொருவர் தெரியாமல் இருக்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாதம் ஒருமுறை எல்லோரும் சந்திக்க ஒரு கூட்டம் நடத்துங்கள். முதலில் கட்டடம் தேடாதீர்கள், தேதியை முடிவு செய்யுங்கள். மாதத்தின் முதல் வியாழன் என்றால் மாறாமல் முதல் வியாழன்தான். 8 பேர் வந்தாலும் நடத்துங்கள். ஒருமுறை தள்ளிப்போட்டால் அடுத்த முறை பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள்தான் அடுத்த தலைவலி. இதற்கு பெச்சகுச்சா முறை நன்றாக வேலை செய்யும். 2003-ல் டோக்கியோவில் ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைதம் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் தொடங்கியது. மொத்தம் 20 படங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. படம் தானாக மாறிவிடும். 6 நிமிடம் 40 விநாடியில் பேச்சு முடிந்தாக வேண்டும். இப்படி ஒரே மாலையில் ஆப் எழுதுபவர், அனிமேஷன் செய்பவர், எழுத்துரு வரைபவர் என எல்லோருக்கும் இடம் கிடைக்கும். அப்புறம் நடக்கும் அரட்டைக்காகத்தான் கூட்டமே என்பேன். அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வேலை கைமாறுவதும் கூட்டாளி கிடைப்பதும் அங்கேதான்.

ஸ்பான்சர் கிடைத்தால் சரி, ஆனால் ஒரே நிறுவனத்தை நம்பாதீர்கள். பொறுப்பும் அப்படித்தான். எல்லாம் ஒருவர் தலையில் இருந்தால், அவர் ஊர் மாறியதும் குழு கலைந்துவிடும். அரங்கச் சாவி, உறுப்பினர் பட்டியல், வரவு செலவுக் கணக்கு மூன்றும் குறைந்தது இருவர் கையில் இருக்கட்டும்.